ஒரு திகதியின் கலை நினைவுகளைத் தொகுக்கும் முறை: ஒக்டோபர் 17 ஐ முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் வாசிகசாலையில், பத்திரிகைகள் விரித்திருக்கும் மேசைக்கு மேலே உள்ள அறிவித்தற் பலகையில், "கலையுலகில் இன்று" என்ற தலைப்பில் ஒரு தாள் ஒட்டும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேச விரும்பும் மாணவர்களும், உள்ளூர் வானொலிக்கு நிகழ்ச்சி எழுதும் இளைஞர்களும், தங்கள் சனசமூக நிலையத்திலும் இப்படியொரு தாளைத் தொடங்க எண்ணுபவர்களும் இதை எப்படிச் செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இவ்வழிகாட்டியை எழுதுகிறேன். ஒரு திகதியைக் கைபேசியில் தட்டினால் அந்நாளில் பிறந்த, இறந்த, வெளிவந்த செய்திகள் வரிவரியாக வந்து நிற்கின்றன. அவற்றுள் யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை; தமிழ்க் கலை பற்றிய சில வரிகளிலோ திகதி தவறி நிற்கிறது. எனவே தொகுப்பவருடைய வேலையின் பெரும்பகுதி சரிபார்ப்பதிலேயே செல்ல வேண்டும். கீழே சரிபார்ப்புக்கு நான் கூடுதலாக இடம் கொடுத்திருப்பதும் அதனாலேயே.

முறையை விளக்க ஒரே நாளை எடுத்துக்கொள்கிறேன்: ஒக்டோபர் 17.

முதலாம் படி: எல்லையை வகுத்தல்

ஒரு கொப்பியில் அந்நாளுக்கென இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். இடப்பக்கம் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் உரியது. வலப்பக்கம் சரிபார்க்கப்பட்டவற்றுக்கு மட்டும் உரியது. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு ஒரு செய்தி செல்வதற்கு ஆதாரம் என்ற கடவைச்சீட்டு தேவை.

எழுதத் தொடங்குமுன் எவை கலை நினைவுகள் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். திரைப்பட வெளியீடு, நாடக அரங்கேற்றம், வானொலி அல்லது தொலைக்காட்சித் தொடக்கம், கலைஞரின் பிறப்பு, மறைவு ஆகியவை என் எல்லைக்குள் வருவன. இந்த எல்லை உடனேயே சோதிக்கப்படும். 1972 ஆம் ஆண்டு ஒக்டோபர் 17 ஆம் திகதியில்தான் எம்.ஜி. இராமச்சந்திரன் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார். அவர் நாவலப்பிட்டியில் பிறந்தவர் என்பதால் எங்கள் வாசகர்கள் அவரை ஓரளவு இந்நாட்டுக்குரியவராகவே எண்ணுகிறார்கள். ஆனால் அந்த நிகழ்ச்சி அரசியலுக்குரியது. அதை நான் விட்டுவிடுகிறேன். அவருடைய பிறந்த நாளாகிய ஜனவரி 17 இல் அவருக்கு உரிய இடம் தானாகவே கிடைக்கும்.

இரண்டாம் படி: பரந்து திரட்டுதல்

இடப்பக்கத்தில் தாராளமாக எழுதுங்கள். ஒக்டோபர் 17 க்கு என் கொப்பியில் முதலில் சேர்ந்தவை இவை: 1849 இல் போலந்து நாட்டு இசையமைப்பாளர் பிரெடெரிக் சோப்பின் பாரிஸ் நகரில் தமது 39 ஆவது வயதில் மறைந்தார், 1915 இல் நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் நியூயோர்க்கில் பிறந்தார், 1918 இல் ஹொலிவூட் நடிகை ரீட்டா ஹேவொர்த் பிறந்தார், 1952 இல் 'பராசக்தி' வெளிவந்தது, 1955 இல் இந்தித் திரையுலகின் மாற்றுச் சினிமாவுக்கு முகமாக விளங்கிய ஸ்மிதா பாட்டீல் பிறந்தார், 1972 இல் ராப் பாடகர் எமினெம் பிறந்தார், 1981 இல் கவிஞர் கண்ணதாசன் சிக்காகோவில் மறைந்தார், 1992 இல் நடிகை கீர்த்தி சுரேஷ் பிறந்தார்.

எட்டுச் செய்திகள். ஒரு தாளுக்கு இவை மிக அதிகம். எனினும் இந்தக் கட்டத்தில் எதையும் வெட்ட வேண்டாம், ஏனெனில் சரிபார்க்கும்போது சில தாமாகவே உதிர்ந்துவிடும்.

மூன்றாம் படி: நிகழ்ச்சிக்கு மிக அண்மைய சான்றைத் தேடுதல்

ஒரு திகதியை ஐம்பது இடங்களில் காண்பதால் அது உண்மையாகிவிடாது. ஐம்பதும் ஒரே தவற்றைப் பார்த்தெழுதியவையாக இருக்கலாம். நிகழ்ச்சி நடந்த நாளுக்கு எவ்வளவு நெருக்கமாக எழுதப்பட்டதோ அவ்வளவுக்குச் சான்று வலிமையுடையது. திரைப்படமென்றால் அன்றைய பத்திரிகையில் வந்த படமாளிகை விளம்பரம், பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம் ஆகியவை முதலிடம் பெறும். மறைவென்றால் மறுநாட் பத்திரிகைச் செய்தி முதலிடம் பெறும். அதில் "நேற்று" என்று இருப்பதைக் கவனியாமல் பத்திரிகையின் திகதியையே மறைவுத் திகதியாக எழுதிவிடும் தவறு மிகச் சாதாரணமாக நிகழ்கிறது.

இந்தச் சான்றுகளை யாழ்ப்பாணத்திலிருந்து தேடுவதில் எமக்கு ஒரு பெரிய வெறுமை உண்டு. 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் பழைய இதழ்களும் அழிந்தன. 1959 இல் தொடங்கிய ஈழநாடு பத்திரிகையின் பணிமனையும் அதே நாட்களில் எரிந்தது. எங்கள் மேடைகளின், படமாளிகைகளின் அன்றாட விபரம் பதிந்திருந்த தாள்களில் எத்தனையோ அந்தச் சாம்பலில் கலந்துவிட்டன. எனவே இங்கே தேடுபவர் மாற்று வழிகளை அறிந்திருக்க வேண்டும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் மின்னூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் நினைவு மலர்களும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. வீட்டிலிருந்தபடியே இலவசமாகப் படிக்கலாம். 1930 இல் தொடங்கிய வீரகேசரி, 1932 இல் தொடங்கிய தினகரன் ஆகியவற்றின் பழைய இதழ்களுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தை நாடலாம். தமிழகத் திரைப்படங்களின் பாட்டுப் புத்தகங்களும் விளம்பரத் தாள்களும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பேணப்படுகின்றன.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. தமிழின் முதற் பேசும் படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' 1931 ஒக்டோபர் 31 ஆம் திகதி சென்னை கினிமா சென்ட்ரல் படமாளிகையில் வெளியானது. அதற்கு இரண்டு நாட்களுக்கு முந்திய சுதேசமித்திரன், படம் 31 ஆம் திகதியிலிருந்து காட்டப்படும் என்று எழுதியது. இது நிகழ்ச்சிக்கு ஒட்டிய சான்று, ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படம் தீபாவளியன்று வெளியானது என்றும் பல இடங்களில் எழுதப்படுகிறது. இதை எவ்வாறு சோதிப்பது?

இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. சந்திரனின் பிறைகள் 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே ஆங்கிலத் திகதிகளில் திரும்பி வரும். ஆகவே ஓர் ஆண்டின் தீபாவளியை அறிய, அவ்வாண்டுடன் 19 ஐக் கூட்டிக்கொண்டே வந்து, கைக்கெட்டும் ஆண்டொன்றின் நாட்காட்டியைப் பார்த்தால் போதும். 1931 லிருந்து 1950, 1969, 1988, 2007, 2026 என வருகிறது. 2007 இல் தீபாவளி நவம்பர் 8. 2026 இலும் நவம்பர் 8. ஆக, 1931 இன் தீபாவளியும் நவம்பர் 8 ஐயோ 9 ஐயோ ஒட்டித்தான் வந்திருக்க முடியும். மேலும் 1931 ஒக்டோபர் 11 இல் ஒரு சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கிரகணம் அமாவாசையில்தான் நிகழும். அடுத்த அமாவாசை இருபத்தொன்பதரை நாட்கள் கழித்து நவம்பர் 9 ஐ ஒட்டியே வரும். ஒக்டோபர் 31 இல் தீபாவளி வர வழியே இல்லை. திகதி சரி, பண்டிகை தவறு என்பது இதனால் தெளிவாகிறது.

அதே கணக்கை 'பராசக்தி'க்குப் போட்டுப் பாருங்கள். 1952, 1971, 1990, 2009. 2009 இல் தீபாவளி ஒக்டோபர் 17 ஆம் திகதியே வந்தது. படம் 1952 ஒக்டோபர் 17, தீபாவளி நாளில் வெளியானது என்ற செய்தி இச்சோதனையில் உறுதியாக நிற்கிறது. 2028 இலும் தீபாவளி ஒக்டோபர் 17 ஆம் திகதியே வருகிறது. அந்த ஆண்டில் திகதி நினைவும் பண்டிகை நினைவும் ஒரே நாளில் கூடும் என்பதை இப்போதே கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். இந்தக் கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். சில ஆண்டுகளில் ஒரு மாதமே நகரவும் கூடும். எனவே இதைத் தீர்ப்பாகக் கொள்ளாமல் தவற்றைப் பிடிக்கும் வலையாகக் கொள்ளுங்கள்.

கிழமையும் நல்லதொரு சோதனை. 1952 ஒக்டோபர் 17 வெள்ளிக்கிழமை. 1931 ஒக்டோபர் 31 சனிக்கிழமை. 1981 ஒக்டோபர் 17 சனிக்கிழமை. கைபேசி நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளினால் எந்த ஆண்டின் கிழமையும் தெரியும். "ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அரங்கேறியது" என்று ஒருவர் எழுதியிருக்க, அவர் கொடுத்த திகதி புதனாக இருந்தால் இரண்டில் ஒன்று பிழை. இங்கே இலங்கைக்கே உரிய ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும். 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமையில் இல்லாமல், சந்திரனின் பிறைகளைக் கொண்டு வரும் போயா நாட்களையொட்டி இருந்தது. அக்காலத்தில் "விடுமுறை நாளில் வின்சர் படமாளிகைக்குப் போய்ப் பார்த்த படம்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை ஞாயிறு என்று எழுதிவிடக் கூடாது. அந்த ஆண்டின் போயா நாட்களைப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: திதியையும் திருவிழாவையும் திகதியாக்குதல்

உலகத் திகதிப் பட்டியல்கள் எவையும் தராத செய்திகள் எங்கள் வீடுகளின் பழைய அலுமாரிகளில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்தால் முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்கில் உறவினர்கள் வெளியிடும் நினைவு மலரைக் கல்வெட்டு என்கிறோம். கூத்துப் பழக்கும் அண்ணாவிமார், இசை நாடக நடிகர்கள், தவில், நாதஸ்வரக் கலைஞர்கள், மிருதங்க ஆசிரியர்கள், ஒப்பனைக் கலைஞர்கள் எனப் பத்திரிகையில் ஒரு வரியும் பெறாத எத்தனையோ பேருடைய பிறப்பும், குருவின் பெயரும், முதன்முதலில் மேடையேறிய இடமும் அந்தச் சிறு புத்தகங்களில் அச்சாகி இருக்கின்றன. ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் இவற்றைச் சேர்த்து வைத்திருப்பார். அவரைக் கண்டுபிடிப்பது இந்த வேலையில் மிகப் பயன் தரும் ஒரு நாளாக அமையும்.

கல்வெட்டில் மறைவு நாள் பெரும்பாலும் திதி வெண்பாவாக இருக்கும்: ஆண்டின் பெயர், மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை) என்பது, திதி. இதைத் திகதியாக்கும் முறையை ஒரு மாதிரியால் காட்டுகிறேன். "துன்மதி ஆண்டு, ஐப்பசி, பூர்வபக்க ஏகாதசி" என்று இருப்பதாகக் கொள்வோம். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை சுழல்வதால் துன்மதி என்பது 1921 சித்திரையில் தொடங்கிய ஆண்டாகவும் இருக்கலாம், 1981 இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். எது என்பதை அச்சகத்தின் பெயர், பிள்ளைகளின் வயது, கலைஞரின் வாழ்க்கைக் குறிப்பு ஆகியவற்றால் முடிவு செய்யலாம். 1981 என்று தெரிந்தால், அடுத்தது ஐப்பசி; அது இக்காலத்தில் ஒக்டோபர் 17 அல்லது 18 இல் பிறந்து நவம்பர் நடுவில் முடிகிறது. அவ்வாண்டின் ஐப்பசி அமாவாசை ஒக்டோபர் 27 ஐ ஒட்டி வந்தது. அதன்பின் வரும் வளர்பிறையின் பதினோராம் திதி நவம்பர் 7 ஐ ஒட்டி விழும். இதற்குமேல் அவ்வாண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். எங்களிடையே வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வழக்கில் இருப்பதால், ஒரே திதி இரண்டிலும் வெவ்வேறு நாளில் நிற்பது உண்டு; குடும்பத்தார் எதைப் பின்பற்றினர் என்று கேட்டு எழுதுங்கள். மரணப் பதிவுச் சான்றிதழ் வீட்டில் இருந்தால் அதைப் பார்க்க அனுமதி கேட்பது எல்லாவற்றிலும் எளிது.

உயிரோடிருக்கும் உறவினரிடம் இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அவர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள் திவச நாள். அது திதிக்கு உரியது. ஆங்கிலத் திகதியில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். "அப்பாவின் நினைவு நாள் போன வருடம் ஒக்டோபர் 17 இல் வந்தது" என்று சொன்னதை வைத்து ஒக்டோபர் 17 இன் பட்டியலில் அவரைச் சேர்த்தால் தவறாகிவிடும்.

அரங்கேற்றங்களோ பெரும்பாலும் திருவிழாக்களைக் கொண்டே நினைவில் இருக்கின்றன. "நல்லூர்த் தேரன்றிரவு போட்ட நாடகம்" என்று சொல்பவருக்குத் திகதி நினைவில்லை. ஆனால் அவர் தந்திருக்கும் தகவல் திகதியைப் போலவே துல்லியமானது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறும்; இருபத்துநான்காம் நாள் தேர்; இருபத்தைந்தாம் நாள், ஆவணி அமாவாசையில், தீர்த்தம். 2025 இல் யூலை 29 கொடியேற்றம், ஓகஸ்ட் 21 தேர். ஆண்டு தெரிந்தால் அவ்வாண்டின் ஆவணி அமாவாசைக்கு முதல் நாளைக் கண்டுபிடித்துவிடலாம். ஊர்க் கோயில்களுக்கு இப்படியான பொதுக் கணக்கு இல்லை. அங்கே அச்சடித்த திருவிழா நோட்டீசுகளே துணை. எந்த நாள் யாருடைய உபயம், எந்த நாதஸ்வரக் குழு, எந்த நாடக மன்றம் என்று அவற்றில் ஒழுங்காக இருக்கும். சிலர் அவற்றை இராமாயணம், கந்தபுராணம் போன்ற நூல்களின் ஏடுகளுக்கிடையே வைத்திருப்பதைக் கண்டிருக்கிறேன். பக்கங்களைப் புரட்டிப் பார்க்கத் தயங்காதீர்கள்.

ஐந்தாம் படி: இடமும் நேரமும்

நிகழ்ச்சி எங்கு நடந்ததோ அங்குள்ள திகதியையே எழுத வேண்டும். கண்ணதாசன் மறைந்தது சிக்காகோவில், 1981 ஒக்டோபர் 17. அந்த மாதத்தில் சிக்காகோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே பத்தரை மணி நேர வேறுபாடு இருந்தது. அங்கே பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பின் நடக்கும் எதுவும் இங்கே மறுநாளில் நிகழ்ந்ததாகும். வெளிநாடுகளில் மறைந்த கலைஞர்கள் எமக்கு இப்போது மிகப் பலராகிவிட்டதால் இந்த விதி அடிக்கடி தேவைப்படும். ரொறன்ரோவில் இரவு மறைந்தவருக்கு இங்கே மறுநாட் காலையில் அஞ்சலிப் பதாகை எழுதும்போது திகதி மாறிவிடுகிறது.

மிகப் பழைய ஐரோப்பியத் திகதிகளில் பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி என்ற சிக்கல் உண்டு. புதிய நாட்காட்டி வந்த 1582 க்குப் பின்னும் இங்கிலாந்து 1752 வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றியது என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் போதும். பெப்ரவரி 29 இல் பிறந்தவர்களுக்கு, எடுத்துக்காட்டாக 1904 இல் அந்நாளில் பிறந்த நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேலுக்கு, சாதாரண ஆண்டுகளில் பெப்ரவரி 28 ஐயோ மார்ச் 1 ஐயோ ஒதுக்கி, ஒருமுறை தெரிவு செய்ததையே எப்போதும் பின்பற்றுங்கள்.

திரைப்படங்களுக்கு வரும்போது இன்னொரு நுணுக்கம். சென்னையில் வெளியான நாளும் யாழ்ப்பாணத்தில் திரையிடப்பட்ட நாளும் முற்காலத்தில் ஒன்றாக இருந்ததில்லை. ராஜா, மனோகரா, வெலிங்டன், ரீகல், வின்சர், லிடோ, ஸ்ரீதர் என்று எங்கள் பெரியவர்கள் அடுக்கும் படமாளிகைகளில் பல படங்கள் மாதங்கள் கழித்தே வந்தன. பெரியவர் ஒருவர் "அது தைப்பொங்கலுக்கு வந்த படம்" என்று உறுதியாகச் சொல்வதும், ஏடுகள் அது தீபாவளிக்கு வெளியானது என்று சொல்வதும் ஒன்றையொன்று மறுப்பனவாக இருக்க வேண்டியதில்லை. இரண்டும் வெவ்வேறு நாட்களுக்குரிய வெவ்வேறு செய்திகள். யாழ்ப்பாணத்துத் திரையிடலுக்குப் பத்திரிகை விளம்பரம் கிடைத்தால், எங்கள் பலகையில் அதற்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

ஆறாம் படி: "முதல்" என்ற சொல்லையும் பிறந்த நாட்களையும் கையாளுதல்

"முதல்" என்று எழுதுமுன் எதில் முதல் என்று சொல்லிவிட வேண்டும். இலங்கையின் முதல் தமிழ்த் திரைப்படம் எது என்ற கேள்விக்கு 16 மில்லிமீற்றர் படச்சுருளில் 1962 இல் வந்த 'சமுதாயம்' என்றும், 35 மில்லிமீற்றரில் 1963 இல் வந்த 'தோட்டக்காரி' என்றும் இரு விடைகள் உள்ளன. இரண்டும் உரிய அடைமொழியோடு சரியானவை. 'காளிதாஸ்' படத்திலோ தமிழோடு தெலுங்கும் பேசப்பட்டது. கொழும்பு வானொலியின் தொடக்கமாக 1925 டிசெம்பர் 16 கொள்ளப்படுகிறது, எனினும் பரிசோதனை ஒலிபரப்புகள் அதற்கு முன்னரே நடந்தன. "முறைப்படியான தொடக்கம்" என்ற ஒரு சொற்றொடர் அங்கே தவற்றைத் தவிர்த்துவிடுகிறது.

கலைஞர்களின் பிறந்த நாட்களில் கொண்டாடப்படும் நாளும் பிறந்த நாளும் வேறாக இருப்பது உண்டு. இளையராஜா பிறந்தது யூன் 3, அந்நாள் மு. கருணாநிதியின் பிறந்த நாளும் ஆதலால் அவருக்கு மதிப்பளித்துத் தமது கொண்டாட்டத்தை யூன் 2 க்கு மாற்றிக்கொண்டார். சிவாஜி கணேசனுக்கு ஒக்டோபர் 1 என்பதில் கருத்து வேறுபாடு இல்லை, ஆண்டு மட்டும் 1927 என்றும் 1928 என்றும் எழுதப்படுகிறது. இப்படியான இடங்களில் திகதியை எழுதி, ஆண்டுக் கணக்கைத் தவிர்த்துவிடுகிறேன். சரியாகப் பொருந்தும் இடங்களோ மனத்துக்கு நிறைவு தருபவை: கண்ணதாசன் பிறந்தது 1927 யூன் 24, அவருடைய வரிகளுக்கு உயிர்கொடுத்த எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்தது 1928 யூன் 24. ஒரே நாளுக்கு இதைவிட நல்ல தாள் அமைவது அரிது.

ஏழாம் படி: தெரிவு

இப்போது வெட்டலாம். எங்கள் ஊரோடு தொடர்புடையது முதலில், பின்னர் ஈழத்தது, பின்னர் தமிழுலகம், கடைசியில் ஏனைய உலகம் என்பது என் ஒழுங்கு. ஒக்டோபர் 17 க்கு மேற்படி எட்டில் இரண்டை முதன்மையாகவும் ஒன்றைத் துணையாகவும் வைத்துக்கொண்டேன். எமினெமும் ரீட்டா ஹேவொர்த்தும் அவரவர் இடத்தில் பெரியவர்களே. ஆனால் எங்கள் பலகைக்கு முன் நின்று வாசிப்பவருக்குப் பெயரும் ஆண்டும் தவிர வேறெதையும் என்னால் அந்தச் சிறு இடத்தில் கொடுக்க முடியாது. ஆர்தர் மில்லரை வைத்துக்கொண்டதற்குக் காரணம், நாடகமும் அரங்கியலும் எங்கள் பாடசாலைகளில் ஒரு பாடமாக இருப்பதும், அதைப் படிக்கும் பிள்ளைகள் வாசிகசாலைக்கு வருவதுமாகும். கீர்த்தி சுரேஷைச் சேர்க்கும்படி இளையவர்கள் கேட்டால் மறுக்க மாட்டேன்; நடிகை சாவித்திரியாக நடித்து இந்தியத் தேசிய விருது பெற்றவர் என்ற ஒரு வரியால் அவரைப் பழைய தலைமுறையோடு இணைத்துவிடலாம்.

இரண்டு முதன்மைச் செய்திகளுக்கிடையே ஓர் இழை கிடைத்தால் அதுவே தாளைத் தாங்கும். 'பராசக்தி'யில் கண்ணதாசன் நீதிபதியாகச் சிறு வேடத்தில் தோன்றினார். பாட்டெழுதிப் புகழ்பெற்றவர் அந்தப் படத்தில் முகம் காட்டினார் என்பதும், அந்தப் படம் வெளிவந்த அதே திகதியில் இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் மறைந்தார் என்பதும் தனித்தனியாக நிற்கும் இரு வரிகளை ஒன்றாக்கிவிடுகின்றன.

எட்டாம் படி: எழுதுதல்

ஒவ்வொரு செய்தியிலும் ஆண்டு, இடம், என்ன நடந்தது, அது ஏன் நினைக்கத் தக்கது என்ற நான்கும் இருக்க வேண்டும். புகழ்மொழிகளைக் குறையுங்கள்; "இமயம்", "திலகம்" என்று அடுக்குவதைவிட ஒரு செயலைச் சொல்வது வாசகரை நிறுத்தி வைக்கும். பாடல் வரிகளை நீளமாக எடுத்து எழுதாதீர்கள். பாடலின் பெயரைச் சொன்னாலே எங்கள் வாசகர் பாடிவிடுவார். மறைவை எழுதும்போது காலமானார், மறைந்தார் என்ற சொற்களே போதும். எனது தாள் இவ்வாறு அமைந்தது:

"ஒக்டோபர் 17. 1952 ஆம் ஆண்டு இதே நாள் வெள்ளிக்கிழமை, தீபாவளி. கிருஷ்ணன், பஞ்சு இருவரும் இயக்கிய 'பராசக்தி' திரைக்கு வந்தது. நாடக மேடையிலிருந்து வந்த வி.சி. கணேசன் (சிவாஜி கணேசன்) என்ற இளைஞருக்கு அதுவே முதற் படம். குணசேகரன் என்ற வேடத்தில் அவர் பேசிய வசனங்களை மு. கருணாநிதி எழுதியிருந்தார். நீதிமன்றக் காட்சியில் நீதிபதியாக அமர்ந்திருப்பவர் கண்ணதாசன். அவர் 1981 ஆம் ஆண்டு இதே திகதியில், சிக்காகோவில், தமது 54 ஆவது வயதில் காலமானார். நாடகம் பயிலும் மாணவர்களுக்கு: அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லர் 1915 இல் பிறந்த நாளும் இதுவே."

ஆண்டுகளைக் கணக்கிடும்போது ஒரு குழப்பம் வழமையாக எழும். 1927 இல் பிறந்த கண்ணதாசனுக்கு 2027 யூன் 24 இல் நூறு ஆண்டுகள் நிறைகின்றன. ஆனால் நூற்றாண்டு விழா 2026 யூன் 24 இலேயே தொடங்கும் வழக்கம் உண்டு. "நூற்றாண்டுத் தொடக்கம்" என்றோ "நூற்றாண்டு நிறைவு" என்றோ முழுமையாக எழுதினால் வாசகர் மயங்க மாட்டார்.

ஒன்பதாம் படி: ஒட்டுதலும் பேணுதலும்

தாளை முதல் நாள் மாலையிலேயே ஒட்டிவிடுங்கள். விடியற்காலை பத்திரிகை பார்க்க வருபவர்களே முதல் வாசகர்கள். ஒட்டிய தாளைக் கழற்றிய பின் எறியாமல், பின்புறத்தில் ஒவ்வொரு செய்திக்கும் ஆதாரம் எங்கே கிடைத்தது என்பதை எழுதி, திகதி வரிசையில் கோவையில் இடுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளுக்கு நீங்களோ உங்களுக்குப் பின் வருபவரோ மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிராது. பிழை கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் தாளிலேயே சிவப்புப் பேனையால் திருத்தி, அடுத்த நாட் பலகையில் திருத்தத்தையும் வெளியிடுங்கள். 'காளிதாஸ்' தீபாவளிக்கு வந்தது என்று முதலாண்டில் நானும் எழுதி ஒட்டியிருந்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த ஆண்டின் அமாவாசைகளைக் கணக்கிட்டு ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு வந்து தந்தார். மேலே சொன்ன பத்தொன்பது ஆண்டுக் கணக்கை நான் கற்றது அவரிடமிருந்துதான். அந்தக் கடதாசி இன்றும் ஒக்டோபர் 31 இன் தாளோடு கோவையில் இருக்கிறது.

தாளின் அடியில் மூன்று விரற்கடை அளவு வெற்றிடம் விட்டு, "இத்திகதியில் எம்மூர் மேடையில் நடந்தவற்றை அறிந்தவர்கள் எழுதவும்" என்று குறித்து, நூலில் கட்டிய ஒரு பேனையையும் தொங்கவிடுங்கள். அங்கே எழுதப்படுபவற்றை உடனே ஏற்கவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம்; எழுதியவரைத் தேடிச் சென்று, அன்று மழையா, எந்தக் கோயில் வீதி, வெளிச்சம் பெற்றோல்மாக்ஸா மின்சாரமா, யார் ஆர்மோனியம் வாசித்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே கொப்பியின் இடப்பக்கத்தில் எழுதி, அந்நாட் பத்திரிகையோ நோட்டீசோ கிடைக்கும்வரை அங்கேயே வைத்திருங்கள்.